சைலன்சர் மாற்றிய காரை ரெயூனியன் கோந்த்ரோலில் தேற்றுவது எப்படி

கார்த் கிரீஸை, அதாவது காரின் பதிவுச் சான்றிதழை, கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சைலன்சரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுக்கச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம், கோந்த்ரோல் என்ற கட்டாய வண்டிப் பரிசோதனையில் உங்கள் வண்டியை எந்த அளவுகோலால் அளக்கப்போகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். எரிபொருள் கட்டத்தில் ஈஎஸ் என்றிருந்தால் பெட்ரோல், ஜிஓ என்றிருந்தால் டீசல். வி.9 கட்டத்தில் யூரோ 4, யூரோ 5 என்று புகை வகுப்பு இருக்கும். யு.1 என்பது வண்டி நின்ற இடத்தில் போடும் சத்தத்தின் டெசிபல் கணக்கு, யு.2 என்பது அந்தச் சத்தத்தை அளக்கும்போது இன்ஜின் ஓடவேண்டிய சுற்று (நிமிஷத்துக்கு இத்தனை என்று). எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. புதுச்சேரியில் பிறந்து, பிரான்சைச் சேர்ந்த இந்த ரெயூனியன் தீவின் சேந்தாந்த்ரேயில் வந்து குடியேறியவன், பழைய பெஜோ கார் என்றால் கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான். ஒரே காரை வைத்துக்கொண்டு புகைப் பரிசோதனையில் இரண்டு முறை தோற்றேன், அப்புறம் அக்கா மகன் தன் காருக்கு ஒரு சைலன்சர் வாங்கி மாட்டிக்கொண்டு "மாமா, இது தேறுமா?" என்று வந்து நின்றான். தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

முதல் குழப்பமே நம் பேச்சில் இருக்கிறது. இன்ஜினிலிருந்து பின்னால் தெரியும் வாய் வரைக்கும் எல்லாவற்றையும் நாம் சைலன்சர் என்கிறோம். உண்மையில் அது நாலைந்து துண்டுகள். இன்ஜினை ஒட்டி மேனிஃபோல்ட், அடுத்து கேட்டலிடிக் கன்வர்ட்டர் (இங்கே கத்தலிசேர் என்பார்கள்), டீசலாக இருந்தால் அதோடு ஃபாப் எனப்படும் கரி வடிகட்டி, அதற்குப் பின்னால் நடு டப்பா, கடைசியில் பின் டப்பா. இதில் பின்பக்கத்து இரண்டு டப்பாக்களும் சத்தத்தை அடக்குபவை, புகையில் இருக்கும் நஞ்சுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நஞ்சைக் குறைப்பது முன்பக்கத்துத் துண்டு. ஆகவே பின் டப்பாவை மட்டும் மாற்றியவர் புகை அளவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை, இணைப்பு ஒழுங்காக இருந்தால் போதும். "முழு லைன்" மாற்றியவர், அதிலும் கத்தலிசேரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டவர்தான் மாட்டிக்கொள்வார்.

பெட்ரோல் காரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்ப்போம். இன்ஜின் சூடான பிறகு பின்வாயில் ஒரு குழலைச் செருகுவார்கள். முதலில் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அப்புறம் 2000 சுற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்து மறுபடியும் அதையே அளப்பார்கள், கூடவே லாம்டா என்ற எண்ணையும். 2002 ஜூலைக்குப் பிறகு பதிவான கார் என்றால் சும்மா ஓடும்போது 0.3, தூக்கிப் பிடிக்கும்போது 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய, ஆனால் கத்தலிசேர் உள்ள கார்களுக்கு 0.5, 0.3. கத்தலிசேரே இல்லாத பழைய காலத்துக் கார்களுக்கு வயதைப் பொறுத்து 3.5 அல்லது 4.5 வரை விடுவார்கள், அவை வேறு உலகம். லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் நிற்க வேண்டும். 1 என்றால் பெட்ரோலும் காற்றும் சரியான கணக்கில் எரிகின்றன என்று அர்த்தம், ஏறினால் காற்று அதிகம், இறங்கினால் பெட்ரோல் அதிகம்.

இப்போது என் கதை. 2004-இல் பதிவான பெஜோ 206, பெட்ரோல். வாங்கும்போது விற்றவர் ஆறு மாதத்துக்குள் எடுத்த கோந்த்ரோல் தாளைக் காட்டினார், சட்டப்படி அது வேண்டும், தாளில் ஒரு குறையும் இல்லை. வண்டி கொஞ்சம் கரகரப்பாக உறுமியது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. இரண்டு வருஷம் அந்த உறுமலோடு சேன்தெனிக்கும் சேந்தாந்த்ரேக்கும் ஓட்டினேன். அடுத்த கோந்த்ரோலில் தூக்கிப் பிடித்தபோது கார்பன் மோனாக்சைடு 1.4 என்று வந்தது. இருக்க வேண்டியது 0.2. பரிசோதகர் வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், கத்தலிசேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் குழாய். விற்றவர் கோந்த்ரோலுக்காகப் பழைய துண்டை மாட்டி, தாள் கிடைத்ததும் கழற்றியிருக்க வேண்டும். கோந்த்ரோல் தாள் அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்றுதான் சொல்லும், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. பழைய கார் வாங்குபவர்கள் தாளைப் பார்த்தபின் குனிந்து அடியிலும் பாருங்கள்.

இன்ஜின் விளக்கு எரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். எரியவில்லை. கத்தலிசேருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. பின்னால் இருப்பது கத்தலிசேர் வேலை செய்கிறதா என்று காவல் காப்பது. கத்தலிசேர் இல்லாவிட்டால் அது பி0420 என்ற குறியைப் போட்டு விளக்கை எரிய வைக்கும். என் காரில் அந்தச் சென்சாருக்கு அடியில் ஒரு சின்ன உலோக நீட்டிப்பைத் திருகி, அது புகையிலிருந்து விலகி நிற்கும்படி செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும், விளக்கு எரியாது. ஆனால் பின்வாயில் செருகும் குழல் ஏமாறாது. இந்தத் தந்திரத்துக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கத்தலிசேருக்குள் தேன்கூடு மாதிரி பீங்கான் துளைகள், அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு கரியமிலவாயுவாக மாறுவது அந்தப் பூச்சின் மேல்தான், திருகாணியின் மேல் இல்லை.

சரி, புதுக் கத்தலிசேர் வாங்கி மாட்டினேன், மறு பரிசோதனைக்குப் போனேன். கோந்த்ர்விசித் எனப்படும் இந்த மறு பரிசோதனைக்கு இரண்டு மாதம் கெடு கொடுப்பார்கள். கார்பன் மோனாக்சைடு அழகாக இறங்கிவிட்டது. ஆனால் லாம்டா 1.06! மறுபடி தோல்வி. கத்தலிசேரும் நடுக்குழாயும் சேரும் இடத்தில் பழைய பேக்கிங்கையே வைத்துப் பூட்டியிருந்தான் நான் கூட்டிப்போன ஆள். அந்த இடுக்கில் ஒரு மயிரிழைக் கசிவு. கசிவு என்றால் புகை வெளியே போவதுதானே, காற்று எப்படி உள்ளே வரும் என்று எனக்கும் அப்போது புரியவில்லை. புகை குழாயில் ஆற்று நீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு உறிஞ்சல் வரும், அந்த நேரத்தில் வெளிக்காற்று இடுக்கு வழியே உள்ளே புகுந்துவிடும். கருவி அந்தக் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, உங்கள் இன்ஜினில் காற்று அதிகம் என்று சொல்லிவிடும். கசிவு முன்பக்கத்துச் சென்சாருக்கும் முன்னால் இருந்தால் இன்னும் மோசம். கம்ப்யூட்டரே காற்று அதிகம் என்று நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக் கொட்டும், கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும், கத்தலிசேர் நல்லதாக இருந்தும் தோற்பீர்கள்.

அதனால் குழாயில் எந்தத் துண்டைக் கழற்றி மாட்டினாலும் பேக்கிங் புதிது, போல்ட் புதிது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தத் தீவில் கடல் காற்று வேறு, சேன்பியேர் பக்கம் கரையோரம் நிறுத்தும் வண்டிகளின் அடியைப் பார்த்தால் தெரியும், போல்ட் எது துரு எது என்று பிரிக்க முடியாது. கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், ஸ்டார்ட் செய்துவிட்டு ஒருவர் தடித்த துணியை மடித்துப் பின்வாயில் சில விநாடி அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் அடியில் காது கொடுத்துக் கேட்கட்டும். புஸ், புஸ் என்று வரும் இடம்தான் கசிவு. சந்தேகமாக இருந்தால் அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி விடும். கறுப்புக் கரி படிந்த கோடும் காட்டிக்கொடுக்கும். மூடிய கராஜுக்குள் இதைச் செய்யாதீர்கள், நாம் அளக்கப் பயப்படும் அதே வாயு ஆளைக் கொல்லும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவும் வேண்டாம், ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போங்கள்.

இனி டீசல். இங்கே டீசல்காரர்கள் நிறைய, தொல்லையும் அவர்களுக்குத்தான் அதிகம். இதில் வாயுவை அளப்பதில்லை, புகை எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். இன்ஜின் சூடானதும் கியர் போடாமல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து உச்சச் சுற்று வரைக்கும் விடுவார்கள், சில தடவை. குழலுக்குள் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் போய் மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை வைத்து ஒரு எண் வரும். கார் கம்பெனியே அந்த வண்டிக்கான எல்லை எண்ணைத் தகட்டில் பொறித்திருந்தால் அதுதான் அளவுகோல். அது கிடைக்காவிட்டால் யூரோ 6 வண்டிக்கு 0.7, யூரோ 4, 5 வண்டிகளுக்கு 1.5, அதற்கும் பழையதென்றால் டர்போ உள்ளதற்கு 3.0, இல்லாததற்கு 2.5. பானெட்டைத் திறந்து, கதவுச் சட்டத்தையும் பார்த்து அந்தத் தகட்டை முன்கூட்டியே தேடிவைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாப் உள்ள டீசலில் ஒரு எளிய சோதனை உண்டு. குளிர்ந்த பிறகு பின்வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். ஃபாப் நன்றாக இருந்தால் விரலில் கறுப்பு ஒட்டாது, அல்லது லேசாகத்தான் ஒட்டும். மை தடவியது மாதிரி வந்தால் உள்ளே இருப்பதை யாரோ குடைந்து எடுத்துவிட்டார்கள், அல்லது அது உடைந்திருக்கிறது. ஃபாப் அடைத்துக்கொள்வதற்கு இந்த ஊர் ஓட்டமே காரணம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கடை, நடுவில் சேன்தெனி நெரிசலில் முக்கால் மணி நேரம். ஃபாப் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், இந்த மாதிரி ஓட்டத்தில் அது வரவே வராது, வந்தாலும் பாதியில் வண்டியை நிறுத்திவிடுவோம். அடைத்துக்கொண்டதும் "எடுத்துப் போட்டுவிடு, பவரும் கூடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரூத் தே தமரேனில் ஏறுங்கள் (பெயரிலேயே புளி இருக்கிறது, நமக்கு ஆகிவந்த சாலைதான்). சேன்போலிலிருந்து எத்தாங் சலே வரைக்கும் நான்காவது கியரில் 2500 சுற்றுக்குக் குறையாமல், வேக வரம்புக்குள், ஒரே சீராகப் போய்த் திரும்புங்கள். பல வண்டிகளுக்கு இதுவே மருந்து. ஃபாப் விளக்கு ரொம்ப நாளாக எரிந்துகொண்டிருந்தால் மட்டும் முதலில் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

சூடு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெட்ரோலுக்கும் இது பொருந்தும். கத்தலிசேர் 250, 300 டிகிரிக்கு வந்தால்தான் வேலையே தொடங்கும். இன்ஜின் ஆயில் 80 டிகிரிக்காவது வந்திருக்க வேண்டும். ஆகவே பரிசோதனை நிலையம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அது நல்ல செய்தி இல்லை, சுற்றுவழியில் இருபது முப்பது நிமிஷம் ஓட்டிவிட்டுப் போங்கள். பிளேன் தே பால்மிஸ்த் பக்கத்திலிருந்து வருபவர்கள் வழியெல்லாம் ஓட்டித்தானே வந்தோம் என்று நினைப்பார்கள், ஆனால் இறக்கத்தில் காலைத் தூக்கிவிட்டு வரும்போது இன்ஜின் எரிபொருளையே எரிப்பதில்லை, குழாய் குளிர்ந்துவிடும். கீழே வந்தபின் சமதளத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். வரிசையில் காத்திருக்கும்போதும் இதே பிரச்சினைதான், உங்கள் முறை வர நேரமானால் சூடு இறங்கிவிட்டது என்று பரிசோதகரிடம் சொல்லிவிடலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. போகும் வாரத்தில் ஏர் ஃபில்டரும் ஆயிலும் புதிதாக இருந்தால் நல்லது. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்துகள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஊற்றினால் கெடுதலும் இல்லை.

சத்தத்துக்கு வருவோம், அக்கா மகன் கதை இதில்தான். கார்களுக்குக் கோந்த்ரோலில் சத்தத்தைப் பெரும்பாலும் காதால்தான் மதிப்பிடுகிறார்கள், எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தோன்றினால் கருவி வைக்கலாம். அதனால் நிறைய பேர் இதில் தப்பிவிடுகிறார்கள், ஆனால் அது பரிசோதகரின் காதைப் பொறுத்த விஷயம். போலீஸ் சாலையில் கருவியோடு நின்றால் யு.1, யு.2 கணக்குதான். நீங்களும் வீட்டில் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம். கைபேசியில் டெசிபல் செயலி ஒன்றை இறக்கி, பின்வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, குழாயின் நேர்கோட்டுக்கு 45 டிகிரி சாய்வாக, வாயின் உயரத்திலேயே பிடியுங்கள், இன்ஜினை யு.2 சுற்றில் நிறுத்துங்கள். கைபேசி மைக் சத்தியம் பேசாது, ஆனால் யு.1-ஐ விட பத்து டெசிபல் கூடுதலாகக் காட்டினால் அது மைக்கின் தவறு இல்லை. பத்து டெசிபல் என்றால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம்.

"மாமா, இது ஓமொலோகே, பெட்டியிலேயே போட்டிருக்கு" என்றான் பையன், அதாவது ஒப்புதல் பெற்ற டப்பாவாம். பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டப்பாவின் உலோகத்திலேயே, வட்டத்துக்குள் பெரிய ஈயும் நாட்டு எண்ணும் (2 என்றால் பிரான்ஸ்), அல்லது செவ்வகத்துக்குள் சின்ன ஈயும் எண்ணும் பொறித்திருக்க வேண்டும். கூட வரும் சான்றிதழில் உங்கள் காரின் மாடலும் இன்ஜின் வகையும் இருக்க வேண்டும். வேறு இன்ஜினுக்கு ஒப்புதல் வாங்கிய டப்பா உங்களுக்கு ஒப்புதல் ஆகாது. அவன் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தோம், பளபளவென்று கம்பெனி பெயர் மட்டும் இருந்தது. கத்தலிசேர் வாங்கும்போதும் இதே முத்திரையைத் தேடுங்கள். ஸ்போர்ட் கத்தலிசேர் என்று துளை பெரிதாக, எண்ணிக்கை குறைவாக வருகிறதே, அது தேறலாம், தேறாமலும் போகலாம். என் காசில் நான் வாங்க மாட்டேன்.

இந்தத் தீவுக்கே உரிய ஒரு சிக்கல், சாமான் வரும் நேரம். பிரான்சில் இருப்பவன் இன்றைக்குக் கேட்டால் நாளை மறுநாள் கையில் இருக்கும். நமக்குக் கடைக்காரரிடம் இல்லாவிட்டால் கப்பலில் வரவேண்டும், ஒக்த்ருவா த மேர் என்ற இறக்குமதி வரி வேறு. இரண்டு மாதக் கெடு என்பது கேட்க நிறைய நாள் மாதிரி இருக்கும், கத்தலிசேர் துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள் ஓடிவிடும், அப்புறம் முழுப் பரிசோதனைக்கும் மறுபடி காசு. அதனால் தேதி நெருங்குவதற்கு மூன்று நாலு மாதம் முன்னாலேயே ஒரு கராஜில் புகையை மட்டும் அளந்து பாருங்கள். கோந்த்ரோல் நிலையங்களிலும் விருப்பப் பரிசோதனை என்று கேட்டால் செய்வார்கள், அதில் தோற்றால் கெடு எதுவும் தொடங்காது. கார் நான்கு வயதாகும்முன் முதல் கோந்த்ரோல், அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. வான் அல்லது வணிகப் பதிவுள்ள பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இடைப்பட்ட வருஷத்தில் புகைக்கு மட்டும் தனிப் பரிசோதனை உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தேதி தாண்டி ஓட்டினால் 135 யூரோ.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கத்தலிசேரையோ ஃபாபையோ எடுப்பது, எடுக்கச் சொல்வது, கெட்டுப்போனதை மறைப்பது, இதெல்லாம் பிரெஞ்சுச் சாலைச் சட்டத்தில் 7,500 யூரோ வரை அபராதம் உள்ள குற்றம். அந்தச் சென்சார் திருகாணியும் இந்த "மறைப்பது" என்பதில் வந்துவிடும். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்கள் சிரிக்க வேண்டாம், 2024 ஏப்ரலிலிருந்து உங்களுக்கும் கோந்த்ரோல் வந்துவிட்டது, சத்தமும் புகையும் அதில் உண்டு.

கடைசியாக, கழற்றிய ஒரிஜினல் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், விற்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, இரண்டு வாயிலும் எண்ணெய்த் துணி அடைத்து, கூரைக்குக் கீழே கம்பியில் தொங்கவிடுங்கள், கூடவே கழற்றிய ரப்பர் வளையங்களையும் கட்டிவையுங்கள். பையனுடையதைத் தேடிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் (இங்கே அதைக் கலுபிலே என்பார்கள்) ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்திருக்கிறது. தூக்கினான், அடிப்பக்கம் மண்ணோடு நின்றுவிட்டது, மேல்பக்கம் மட்டும் கையோடு வந்தது. இப்போது முத்திரை போட்ட புது டப்பாவுக்குச் சொல்லியிருக்கிறோம், கப்பலுக்குக் காத்திருக்கிறோம்.